ரீலோடுக்கு முன் கான்ஃபிக் கோப்பைச் சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: என்னுடையது எங்கே தவறுகிறது?

முகில்வழி · திங்கள், இரவு 10:52

வணக்கம். நான்கு உபுண்டு சர்வர்களைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன். நான்கிலும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிரல். மொத்தம் பதினொரு வாடிக்கையாளர்களின் தளங்கள் அவற்றில் ஓடுகின்றன.

போன வியாழன் இரவு ஒரு தளத்தின் கான்ஃபிக் கோப்பில் (எஞ்சின்எக்ஸுக்கான அமைப்புகள் இருக்கும் கோப்பு) ரீடைரக்ட், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வரி, சேர்த்தேன். வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனதைக் கவனிக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டேன். சர்வீஸ் இறங்கியது, திரும்ப ஏறவில்லை. எந்த வரி என்று தேடிப் பிடித்துச் சரிசெய்வதற்குள் பதினான்கு நிமிடம் போய்விட்டது. அந்த சர்வரில் இருந்த ஐந்து தளங்களும் அவ்வளவு நேரமும் வரவில்லை. அதில் ஒன்று மருந்துக்கடை; அவர்களுக்கு இரவில்தான் ஆர்டர் அதிகம். மறுநாள் காலை அவர்களிடம் பேசியது இன்னும் மனதில் இருக்கிறது.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று நாற்பது வரியில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். கான்ஃபிக் கோப்பை வரிவரியாகப் படிக்கும். திறந்த நெளி அடைப்பும் மூடிய நெளி அடைப்பும் எண்ணிக்கையில் சமமா என்று பார்க்கும். ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளியில் அல்லது அடைப்பில் முடிகிறதா என்று கிரெப் (உரையில் தேடும் கட்டளை) போட்டுப் பார்க்கும்.

பிரச்சினை என்னவென்றால், நல்ல கோப்பையும் தப்பு என்கிறது. லாக் ஃபார்மட்டை மூன்று வரியாக உடைத்து எழுதியிருந்தால் அதற்கு இரண்டு புகார். கமென்டுக்குள் ஒரு அடைப்பு இருந்தால் எண்ணிக்கை குழம்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு சேர்த்துச் சேர்த்து இப்போது தொண்ணூறு வரி ஆகிவிட்டது. எங்கே தவறுகிறேன்?

பனங்காட்டான் · திங்கள், இரவு 11:20

தம்பி, அந்த ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டாம். அந்த வழியையே விட்டுவிடுங்கள்.

ஒரு கான்ஃபிக் கோப்பின் இலக்கணம் முழுசாகத் தெரிந்தது அதைப் படிக்கப்போகும் நிரலுக்கு மட்டும்தான். நீங்கள் கிரெப்பில் எழுதுவது அந்த இலக்கணத்தின் அரைகுறை நகல். தொண்ணூறு வரி நூற்றைம்பது ஆகும், அப்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அந்த நிரலிடமே கேட்டுவிடுங்கள்: ‘எஞ்சின்எக்ஸ் -டி’. கோப்பைப் படிக்கும், உள்ளே இன்க்ளூட் செய்த கோப்புகளையும் படிக்கும், அவற்றில் சொல்லியிருக்கும் சான்றிதழ், லாக் கோப்புகளைத் திறந்தும் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸைத் தொடாது. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள். சாதாரணப் பயனராக ஓட்டினால் பிஐடி கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்று சொல்லித் தோற்கும்.

மற்றவற்றுக்கும் இதேபோல் உண்டு. அப்பாச்சிக்கு ‘அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்கு ‘எஸ்எஸ்ஹெச்டி -டி’. யாருக்கு சூடோ அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்புக்கு ‘விசூடோ -சி’. ஹெச்ஏபிராக்ஸிக்கு ‘-சி -எஃப்’ கொடுத்துக் கோப்பின் பெயர். பைண்டுக்கு ‘நேம்டு-செக்கான்ஃப்’. எழுதியவர்களே சோதனையையும் கூடவே கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வியாழன் இரவு நடந்ததற்கு அரைப்புள்ளி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ரீஸ்டார்ட். உபுண்டுவில் எஞ்சின்எக்ஸின் யூனிட் கோப்பை, சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் கோப்பை, திறந்து பாருங்கள். தொடங்குவதற்கு முன் ஓட வேண்டியது என்று இதே -டி சோதனை ஏற்கெனவே அதில் இருக்கும். ஆனால் ரீஸ்டார்ட் என்றால் முதலில் நிறுத்து, அப்புறம் தொடங்கு. சோதனை வருவது இரண்டாவது பாதியில். அது தோற்கும்போது பழைய புராசஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. ரீலோடு கொடுத்திருந்தால் மாஸ்டர் புராசஸ் புதிய கோப்பைப் படித்துப் பார்த்து, தவறு என்றால் லாகில் எழுதிவிட்டுப் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்கு எதுவும் தெரிந்திருக்காது.

ரீலோடு தோற்றதை யாரும் கவனிக்காவிட்டால் அதிலும் ஆபத்து உண்டு. உடைந்த கோப்பு டிஸ்கில் அப்படியே கிடக்கும். மூன்று மாதம் கழித்து கர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்யும்போது ஏறாது. அன்றைக்கு யாருக்கும் எதை மாற்றினோம் என்று நினைவிருக்காது.

முகில்வழி · செவ்வாய், காலை 7:15

நன்றி அண்ணா. அந்த யூனிட் கோப்பைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஆறு வரியில் எழுதினேன். ‘எஞ்சின்எக்ஸ் -டி’ ஓட்டி, வெளியீட்டைப் பைப் வழியாக கிரெப்புக்கு அனுப்பி, ‘சக்ஸஸ்ஃபுல்’ என்ற சொல் இருந்தால் ரீலோடு, இல்லாவிட்டால் நிறுத்து. ஆனால் எப்போது ஓட்டினாலும் தோல்வி என்றே சொல்கிறது. திரையில் மட்டும் அந்தச் சொல் தெளிவாக வருகிறது. கண் முன்னால் இருப்பதை கிரெப் ஏன் பார்க்க மாட்டேன் என்கிறது?

இரட்டைப்புள்ளி · செவ்வாய், காலை 8:40

எஞ்சின்எக்ஸ் அந்தச் செய்தியை எழுதுவது பிழைகளுக்கான ஓடையில், அதாவது இரண்டாம் எண் ஓடையில். பைப் எடுத்துப்போவது ஒன்றாம் எண் ஓடையை மட்டும். அதனால் கிரெப்புக்கு வந்து சேர்வது வெறுமை. இரண்டாவதை ஒன்றாவதோடு சேர்த்துவிட்டால் கிரெப்புக்குத் தெரியும்.

ஆனாலும் சொல்லைத் தேடாதீர்கள். நிரல் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது: 0 என்றால் சரி, வேறு எது என்றாலும் தவறு. தீர்ப்பு அந்த எண்தான். திரையில் வரும் வாக்கியம் நமக்காக எழுதியது. அடுத்த பதிப்பில் அது மாறலாம்.

அப்புறம், வெளியீட்டை ஒரு லாக் கோப்பிலும் வைக்கலாம் என்று பைப் போட்டு ‘டீ’க்கு (திரையிலும் கோப்பிலும் சேர்த்து எழுதும் கட்டளை) அனுப்பினால் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். பாஷ் இயல்பாகப் பைப்பின் கடைசிக் கட்டளை தரும் எண்ணை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டீ எப்போதும் வெற்றிகரமாக எழுதி முடிக்கும், 0 தரும், உடைந்த கான்ஃபிக்கோடு ஸ்கிரிப்ட் மேலே போய்விடும். ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். இல்லாவிட்டால் வெளியீட்டை ஒரு மாறியில் பிடித்துவைத்து, எண்ணை உடனே இன்னொரு மாறியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உடனே என்பது முக்கியம். நடுவில் ஒரு எக்கோ வந்தாலும் எண் அந்த எக்கோவுடையதாகிவிடும்.

தறிநூல் · செவ்வாய், மதியம் 1:05

இரட்டைப்புள்ளி சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எண் 0 என்றால் சரி என்று விட்டுவிடக் கூடாது. என் கையில் நடந்தது இது. சர்வர் பிளாக்கில் (ஒரு தளத்துக்கான அமைப்புகள் இருக்கும் அடைப்பு) இப்படி இரண்டு வரி, தளத்தின் பெயரும் அதன் கோப்புகள் இருக்கும் இடமும்:

சர்வர்_நேம் கடை.உதாரணம்
ரூட் /வார்/தளங்கள்/கடை;

முதல் வரியில் அரைப்புள்ளி இல்லை. முகில்வழிக்கு நடந்த அதே தவறு. ஆனால் இங்கே எஞ்சின்எக்ஸ் -டி தோற்கவில்லை. ஏனென்றால் சர்வர்_நேம் எத்தனை பெயர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். புதுவரியை அது வெற்று இடமாகவே பார்க்கிறது. ஆக, ‘கடை.உதாரணம்’, ‘ரூட்’, ‘/வார்/தளங்கள்/கடை’ என்று இந்தத் தளத்துக்கு மூன்று பெயர் என்று புரிந்துகொண்டது. இரண்டாவது வரியின் அரைப்புள்ளியில் வாக்கியம் ஒழுங்காக முடிந்துவிட்டது. இலக்கணப்படி குற்றமே இல்லை. சோதனை வெற்றி, எண் 0, ரீலோடும் ஆனது.

ரூட் காணாமல் போனதால் எஞ்சின்எக்ஸ் தன் இயல்பான கோப்புறைக்குப் போய், அங்கே இருந்த வரவேற்புப் பக்கத்தைக் கடையின் முகவரியில் காட்டியது. வாடிக்கையாளர் ஃபோன் செய்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். 

ஆனால் எஞ்சின்எக்ஸ் சொல்லாமல் இல்லை. பெயரில் சாய்கோடு இருப்பதைப் பார்த்து, ‘சர்வர் பெயரில் சந்தேகத்துக்குரிய குறிகள்’ என்ற பொருளில் ஒரு ‘வார்ன்’ (எச்சரிக்கை) வரி எழுதியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்த எங்கள் ஸ்கிரிப்ட் அந்த வரியை லாகில் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரே பெயரை இரண்டு கோப்புகளில் கொடுத்தாலும் இதே கதைதான்: ஒன்றைப் புறக்கணித்ததாக ஒரு வார்ன் வரி, எண் 0.

அதனால் என் விதி: எண் 0 இல்லையென்றால் நிறுத்து. 0 ஆக இருந்தாலும் வார்ன் என்ற சொல் வெளியீட்டில் இருந்தால் நிறுத்து, ஆள் வந்து பார்க்கட்டும்.

பனங்காட்டான் · செவ்வாய், மாலை 6:30

தறிநூல் சொன்னது சரி. சர்வர்_நேம் அடுத்த வரியை விழுங்குவதை நானும் பார்த்திருக்கிறேன், சொல்ல மறந்துவிட்டேன்.

ஆனால் எல்லா வார்னுக்கும் நிறுத்தினால் வேறு ஒரு தொல்லை வரும். எஞ்சின்எக்ஸ் 1.25.1 பதிப்பிலிருந்து லிசன் வரியில் ஹெச்டிடிபி2 என்று எழுதுவது பழைய முறை என்று ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கிறது. அறுபது தளம் இருந்தால் அறுபது வரி. தளம் நன்றாகவே ஓடும், ஸ்கிரிப்ட் மட்டும் விடாது. பத்து நாளில் யாராவது அந்த நிறுத்தும் வரியைக் கமென்ட் ஆக்கிவிடுவார்கள். அப்புறம் உங்கள் ‘சந்தேகத்துக்குரிய குறிகள்’ வரியும் அந்த அறுபதோடு அறுபதாகப் போய்விடும்.

நான் செய்வது: தெரிந்த எச்சரிக்கைகளுக்கு ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொரு வரிக்கும் மேலே யார் அனுமதித்தது, என்றைக்கு, ஏன் என்று கமென்ட். ஸ்கிரிப்ட் வெளியீட்டிலிருந்து அவற்றைக் கழித்துவிட்டு, புதிதாக ஒரு வார்ன் மிஞ்சினால் மட்டும் நிற்கும்.

தறிநூல் · செவ்வாய், மாலை 6:48

இது நல்ல ஏற்பாடு. எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிவரி · செவ்வாய், இரவு 9:10

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கேள்வி சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப்பில் ஒரு தளத்தின் கோப்பை மட்டும் தனியாகச் சோதிக்க ‘-டி -சி’ கொடுத்துப் பார்த்தேன். ‘சர்வர்’ என்பது இங்கே வரக் கூடாது என்கிறது. சர்வரில் அதே கோப்பு நன்றாக ஓடுகிறது.

இரட்டைப்புள்ளி · செவ்வாய், இரவு 9:35

நல்ல கேள்வி. அந்தக் கோப்பு ஒரு துண்டு மட்டும். சர்வரில் அது ஹெச்டிடிபி பிளாக்குக்குள் இன்க்ளூட் ஆகிறது. நீங்கள் தனியாகக் கொடுக்கும்போது வெளியே நிற்கிறது. சோதனைக்கு மட்டும் ஒரு உறைக் கோப்பு எழுதிக்கொள்ளுங்கள். ‘ஈவென்ட்ஸ்’ என்று வெற்று அடைப்பு ஒன்று, அதன் கீழே ‘ஹெச்டிடிபி’ அடைப்பு, அதற்குள் உங்கள் துண்டை இன்க்ளூட் செய்யும் ஒரே வரி. பாதையை முழுசாக எழுதுங்கள். -சி க்கு இந்த உறையைக் கொடுங்கள்.

லேப்டாப்பில் இன்னும் இரண்டு தடை வரும். கோப்பில் சொன்ன சான்றிதழ் உங்களிடம் இருக்காது. ஓபன்எஸ்எஸ்எல்லில் நீங்களே கையொப்பமிட்ட டம்மிச் சான்றிதழ் ஒன்றை அதே பாதையில் வைத்தால் போதும். அப்ஸ்ட்ரீமில் (எஞ்சின்எக்ஸ் கோரிக்கைகளை அனுப்பும் பின்னணி சர்வர்) உள்ள பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டாலும் சோதனை தோற்கும். அந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்று சேர்த்துவிடுங்கள்.

யாழ்வாடை · புதன், காலை 6:20

பனங்காட்டான் அண்ணை எஸ்எஸ்ஹெச்டி -டி பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் கொம்பியூட்டர் அறையில் முப்பத்திரண்டு இயந்திரங்கள், எல்லாவற்றையும் தொலைவிலிருந்துதான் பார்க்கிறேன்.

கடவுச்சொல்லால் உள்நுழைவதை மூடுவதற்காக எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக் கோப்பில் அதற்குரிய வரியை ‘நோ’ என்று மாற்றினேன். -டி கொடுத்தேன், ஒரு முணுமுணுப்பும் இல்லை. ரீலோடு செய்தேன். இரண்டு கிழமை கழித்து லாகை வடிவாகப் பார்த்தால், வெளியிலிருந்து யாரோ கடவுச்சொல் போட்டுப் போட்டு முயன்றுகொண்டே இருக்கிறார்கள். கதவு மூடவே இல்லை.

விஷயம் இதுதான். எஸ்எஸ்ஹெச்டி ஒரு சொல்லுக்கு முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். பிறகு வருவதைப் பொருட்படுத்தாது. பெரும்பாலான நிரல்களில் கடைசியாகச் சொன்னதுதான் செல்லும், இதில் தலைகீழ். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலையிலேயே ‘.டி’ அடைவில் உள்ள துண்டுகளை இன்க்ளூட் செய்யும் வரி இருக்கிறது. அங்கே கிளவுட்-இனிட் (சர்வரை முதன்முறை அமைத்துக்கொடுக்கும் நிரல்) வைத்துவிட்டுப் போன ‘50-கிளவுட்-இனிட்’ என்ற கோப்பில் ‘யெஸ்’ என்று இருந்தது. அது முதலில் வந்துவிட்டது. நான் கீழே எழுதிய ‘நோ’வுக்கு வேலை இல்லை. இரண்டு கோப்பிலும் இலக்கணப் பிழை கிடையாது, ஆகவே -டி சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

சின்ன டி அல்ல, பெரிய டி கொடுத்துப் பாருங்கள். எல்லாக் கோப்பையும் படித்து முடித்த பிறகு கடைசியில் எது செல்லுபடியாகிறது என்று வரிவரியாக எழுதித் தரும். என் ஸ்கிரிப்ட் இப்போது முதலில் சின்ன டி, பிறகு பெரிய டி வெளியீட்டில் ‘பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் நோ’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லாவிட்டால் ரீலோடு இல்லை.

சூடோயர்ஸிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. ‘சூடோயர்ஸ்.டி’ அடைவில் பெயரில் புள்ளி உள்ள கோப்பை சூடோ வாசிக்கவே மாட்டாது. ‘பேக்கப்.கான்ஃப்’ என்று பெயர் வைத்தால் அது கிடக்கும், விசூடோ -சி எல்லாம் சரி என்று சொல்லும், அனுமதி மட்டும் வராது. பெயரில் புள்ளி இருக்கிறதா என்றும் ஸ்கிரிப்டில் பாருங்கள்.

ரீலோடு செய்த பிறகு பழைய செஷனை மூடாமல், இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே போக முடிந்தால் மட்டும் பழையதை மூடுங்கள். நெட்வொர்க் மாற்றம் என்றால் ‘நெட்பிளான் டிரை’ நல்லது. 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அதுவே பழையதுக்குத் திரும்பும்.

முகில்வழி · புதன், காலை 9:02

யாழ்வாடை, இப்போதே என் நான்கிலும் பெரிய டி ஓட்டினேன். இரண்டில் ‘யெஸ்’ என்று வருகிறது. மூடிவிட்டதாக ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையாகவே மூடிவிட்டேன். மிக்க நன்றி.

அடுத்த கேள்வி: டாக்கர் கம்போஸ் (கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) கோப்புகள் சில உண்டு. யாம்ல் வடிவத்தில் எழுதியவை. அவற்றுக்கு எது?

இரட்டைப்புள்ளி · புதன், மதியம் 12:15

‘டாக்கர் கம்போஸ் கான்ஃபிக் -க்யூ’. தவறு இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் அமைதியாக 0. -க்யூ இல்லாமல் ஓட்டினால் தான் புரிந்துகொண்ட வடிவத்தை முழுசாக எழுதிக் காட்டும். எஸ்எஸ்ஹெச்டியின் பெரிய டி போலத்தான்.

யாம்லில் அந்தப் ‘புரிந்துகொண்ட வடிவத்தை’ப் பார்ப்பது மிக முக்கியம். ஏனென்றால் அது நம் எழுத்தை மதிப்பாக மாற்றும்போது தானாக ஊகிக்கிறது. நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியை (ஆங்கிலத்தில் ‘நோ’ என்றே வரும்) மேற்கோள் இல்லாமல் எழுதினால் ‘இல்லை’ என்ற பூலியன் மதிப்பாகிவிடுவது பலருக்குத் தெரியும். யாம்ல் 1.1 பதிப்பின் விதி அது. 2009இல் வந்த 1.2 அதை மாற்றியது, ஆனால் யாம்லைப் படிக்க பைத்தானில் பரவலாக இருக்கும் பையாம்ல் இன்றும் 1.1 வழியில்தான் படிக்கிறது. பதிப்பு எண் 3.10 என்று எழுதினால் தசம எண்ணாகி 3.1 ஆகும்.

எனக்கு ஒரு முழு நாளைத் தின்றது போர்ட் எண். 8080:80 என்று எழுதியபோது பிரச்சினை இல்லை. 22:22 என்று எழுதினேன், அது 1342 ஆகிவிட்டது. 1.1 விதியில் முக்காற்புள்ளியால் பிரித்த எண்கள், மணியும் நிமிடமும் போல, அறுபதடிமான எண். 22ஐ 60ஆல் பெருக்கி 22ஐக் கூட்டிப் பாருங்கள், 1342 வரும். 8080:80 ஏன் தப்பியது? இரண்டாவது பகுதி 59ஐத் தாண்டினால் அது அறுபதடிமானமாக இருக்க முடியாது, அதனால் எழுத்துச் சரமாகவே விட்டுவிட்டது. இது புரிந்தபோது அடைந்த நிம்மதி கொஞ்சமல்ல. போர்ட் வரிகளை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

இன்னொன்று: ஒரே திறவுச்சொல்லை ஒரே இடத்தில் இரண்டு முறை எழுதினால் பையாம்ல் கண்டுகொள்ளாமல் பிந்தியதை எடுத்துக்கொள்ளும். ஜேசனைப் படிக்கும் பைத்தான் தொகுதியும் அப்படித்தான். டாம்ல் என்ற இன்னொரு வடிவம் மட்டும் அதைப் பிழை என்று நிறுத்தும், பைத்தான் 3.11 முதல் அதற்கான வாசிப்பான் கூடவே வருகிறது. புதிதாகத் தொடங்குகிற வேலை என்றால் நான் டாம்ல்தான் எடுப்பேன்.

தறிநூல் · புதன், இரவு 8:25

நிரலின் சொந்தச் சோதனைக்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைத் தேடுவது.

வாட்ஸ்அப்பில் வந்த துண்டையோ ஒரு வலைப்பக்கத்திலிருந்து எடுத்ததையோ ஒட்டும்போது உடையாத வெற்றிடம் வந்துவிடும். திரையில் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும். எஞ்சின்எக்ஸுக்கு அது இடைவெளியே அல்ல, சொல்லின் ஒரு பகுதி. ‘தெரியாத கட்டளை: ரூட்’ என்று பிழை வரும். ரூட் தெரியாதா என்று அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸில் சேமித்த கோப்பின் தலையில் பிஓஎம் (எழுத்துமுறையைக் காட்டும் மறைகுறி) இருக்கலாம், வரிக் கடைசியில் கேரியேஜ் ரிட்டர்ன் (விண்டோஸின் கூடுதல் வரிமுடிவுக் குறி) இருக்கலாம். சுருள் மேற்கோள் இன்னொன்று.

நமக்கென்று ஒன்று கூடுதலாக உண்டு. சில தமிழ் உள்ளீட்டுக் கருவிகள் புள்ளி வைத்த எழுத்துக்குப் பின்னால் பூஜ்ய அகலப் பிரிப்பானைச் செருகிவிடுகின்றன. தமிழில் கமென்ட் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறும்போது அது கமென்டுக்கு வெளியே ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பனங்காட்டான் · புதன், இரவு 8:50

எளிய வழி, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்) அல்லாத எழுத்து ஒன்று இருந்தாலும் கோப்பை நிராகரிப்பது. ஒரே கிரெப். எங்கள் இடத்தில் அப்படித்தான்.

தறிநூல் · புதன், இரவு 9:14

அண்ணா, அதை மட்டும் ஏற்க மாட்டேன். எங்கள் இரவுப் பணியில் இருக்கும் இரண்டு பேர் தமிழில் எழுதினால் தெளிவாக எழுதுவார்கள். ‘இந்த டைம்அவுட்டைக் குறைக்க வேண்டாம், மாதக் கடைசியில் அறிக்கை இறக்க மூன்று நிமிடம் ஆகும்’ என்று ஒருவர் எழுதிவைத்த கமென்ட் எங்களை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால் அவர் அதை எழுதியிருக்கவே மாட்டார்.

கமென்டை நீக்கிவிட்டு மிச்சத்தில் தேடுங்கள். வரியில் ஷார்ப் குறிக்குப் பின்னால் உள்ளதை ‘எஸ்-இ-டி’ என்ற உரை திருத்தும் கட்டளை கொண்டு வெட்டி எறிந்த பிறகு கிரெப். மேற்கோளுக்குள் ஷார்ப் இருந்தால் கொஞ்சம் அதிகமாக வெட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்; இறுதித் தீர்ப்பு எப்படியும் நிரலுடையதுதான்.

கமென்டுக்கு வெளியே தமிழ் வந்தால் அதைப் பிடிப்பதற்கும் நல்ல காரணம் இருக்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் தமிழ் முகவரிகளை சர்வர்_நேமில் தமிழ் எழுத்திலேயே எழுதினால் எஞ்சின்எக்ஸ் -டி ஏற்றுக்கொள்ளும். ஆனால் உலாவி அனுப்புவது பியூனிகோட் வடிவம், அதாவது ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மாற்றி எழுதியது. இரண்டும் ஒருபோதும் பொருந்தாது. தளம் வராது, பிழையும் வராது. பியூனிகோடில்தான் எழுத வேண்டும் என்று எஞ்சின்எக்ஸ் ஆவணத்திலேயே இருக்கிறது.

பனங்காட்டான் · புதன், இரவு 9:40

சரி, தறிநூல். கமென்டை வெட்டிவிட்டுத் தேடுவது இரண்டு கட்டளை கூடுதல், அவ்வளவுதான். நாளைக்கே எங்கள் ஸ்கிரிப்டையும் மாற்றுகிறேன்.

முகில்வழிக்கு ஒன்று. இத்தனை சோதனையும் முடிந்த பிறகும் நான்கு சர்வரிலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய சேனல் ஃபைல் 291 என்ற அப்டேட் கோப்பு நினைவிருக்கும். மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அந்தக் கோப்பும் ஒரு சோதிப்பான் வழியாகத்தான் போனது. 21 உள்ளீடுகள் வரும் என்று சோதிப்பான் நம்பியது, உண்மையில் கொடுக்கப்பட்டது 20. சோதித்த நிரல் ஒன்று, படித்த நிரல் வேறு. அதோடு எல்லா இடத்துக்கும் ஒரே வீச்சில் போய்விட்டது. முதலில் ஒரு சர்வர், அங்கே கர்ல் (கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கருவி) போட்டு, சரி என்று சொல்லும் 200 வருகிறதா, பக்கத்தில் கடையின் பெயர் வருகிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் விட்டு மற்றவை.

கடைசிவரி · வியாழன், காலை 7:50

இதை கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ப்ரீ-கமிட் ஹூக்காக, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் முன் தானாக ஓடும் ஸ்கிரிப்டாக, வைத்தால் கமிட் செய்யும்போதே தெரிந்துவிடும் இல்லையா?

இரட்டைப்புள்ளி · வியாழன், காலை 8:30

வைக்கலாம். ஹூக் கோப்பு க்ளோன் செய்யும்போது கூட வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ரெப்போவுக்குள் ஒரு அடைவில் வைத்து, ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ என்ற அமைப்பில் அதைக் காட்டுங்கள், கிட் 2.9 முதல் உண்டு. ‘--நோ-வெரிஃபை’ கொடுத்து யாரும் தாண்டிப்போகலாம். ஆகவே சர்வரில் உள்ள சோதனையை எடுத்துவிடக் கூடாது.

முகில்வழி · வெள்ளி, இரவு 11:05

எல்லோரும் சொன்னதை வைத்து முடித்துவிட்டேன். முப்பத்தெட்டு வரி. இப்போது ஓடும் வரிசை இது. புதிய கோப்பில் கமென்டை வெட்டி, ஆஸ்கி அல்லாததையும் கேரியேஜ் ரிட்டர்னையும் தேடும். அப்புறம் எஞ்சின்எக்ஸ் -டி. வெளியீடு ஒரு மாறியில், எண் இன்னொன்றில். எண் 0 இல்லையென்றால் பழைய கோப்பைத் திருப்பி வைத்துவிட்டு நிற்கும். அதனால் உடைந்தது டிஸ்கில் தங்காது. தெரிந்த எச்சரிக்கைகளைக் கழித்து, ஏதாவது மிஞ்சினால் அப்போதும் அப்படியே. எல்லாம் தாண்டினால் ரீலோடு, பிறகு கர்ல். ரீஸ்டார்ட் என்ற சொல்லே ஸ்கிரிப்டில் இல்லை.

முதல் ஓட்டத்திலேயே மூன்றாவது சர்வரில் நின்றது. ஒரே பெயர் இரண்டு இடத்தில் என்று வார்ன். தேடினால், ‘சைட்ஸ்-எனேபிள்டு’ அடைவில் ஒரு பள்ளியின் தளத்துக்கு ‘.பேக்’ என்று முடியும் பழைய நகல். நான்தான் இரண்டு வருடத்துக்கு முன் எடுத்து வைத்தது. அந்த அடைவில் இருக்கும் எல்லாக் கோப்பையும், பெயர் எப்படி முடிந்தாலும், எஞ்சின்எக்ஸ் படிக்கிறது. இத்தனை நாள் அகரவரிசையில் சரியான கோப்பு முதலில் வந்ததால் தப்பித்திருக்கிறேன்.

நேற்று இரவு மருந்துக்கடையின் ரீடைரக்டை இதன் வழியாகத்தான் போட்டேன். வேண்டுமென்றே அரைப்புள்ளியை எடுத்துவிட்டு முதலில் ஒருமுறை ஓட்டினேன். நின்றது, வரி எண்ணைச் சொன்னது, தளம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு சரியானதைப் போட்டேன்.

கடைசியாக ஒன்று: எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்புக்கும் இப்படி ஏதாவது உண்டா? அதில் தவறினால் பூட்டே ஆகாது என்பதால் தொடவே கை நடுங்குகிறது.

பனங்காட்டான் · வெள்ளி, இரவு 11:32

‘ஃபைண்ட்மவுன்ட் --வெரிஃபை’. எதையும் மவுன்ட் செய்யாது, பார்த்துச் சொல்லும். பூட்டுக்கு அவசியமில்லாத டிஸ்குகளுக்கு ‘நோஃபெயில்’ சேர்த்துவிடுங்கள், அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது.

முகில்வழி · சனி, காலை 6:40

ஓட்டினேன் அண்ணா. இரண்டாவது சர்வரில் ஒரு யூயூஐடி (டிஸ்கின் அடையாள எண்) கிடைக்கவில்லை என்றது. ஜனவரியில் கழற்றிய பேக்கப் டிஸ்க். அதன் வரி அப்படியே இருந்திருக்கிறது, நோஃபெயிலும் இல்லை. அந்த சர்வரை ஞாயிறு இரவு ரீபூட் செய்வதாக இருந்தேன். வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், பிழை ஏதும் இல்லை.